கயோட்டித் தோட்டா காட்டுப்பன்றிக்கு ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் பொள்ளாச்சிப் பக்கத்து அன்பர் ஒருவர் காட்டுப்பன்றித் தொல்லை பற்றி எழுதியிருந்தார். அமெரிக்காவில் கயோட்டி என்னும் விலங்கை விவசாயிகளே சுடுகிறார்கள், அதற்கென்றே கடைகளில் தனித் தோட்டா விற்கிறது, அந்தத் தோட்டாவை இங்கே வரவழைத்துக் கொடுத்தால் பன்றிகள் ஒரே வருஷத்தில் அடங்கிவிடும் என்பது அவர் கருத்து. அவர் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. எனக்கும் கடலைக்காடு இருக்கிறது. ஆனால் தோட்டா விஷயத்தில் அவர் எழுதியதை நாலு பேர் நம்பினால் விபரீதமாகிவிடும். அதனால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எருத்தேம்பதிப் பக்கம். கேரளம்தான். ஆனால் கடைசி வரப்பில் நின்று கல்லெறிந்தால் தமிழ்நாட்டில் போய் விழும். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். தென்னை, நடுவே கடலை, கிணற்றடியில் கொஞ்சம் மரவள்ளி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அப்பா உரிமம் எடுத்து வாங்கிய 12 போர் என்னும் குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி அவருக்குப் பின் முறைப்படி என் பெயருக்கு மாறியது. 2022 மே மாதம் கேரள அரசு, ஊருக்குள் புகுந்து நாசம் செய்யும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்ததே, அப்போது உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் ஒன்றைப் பஞ்சாயத்து எடுத்தது. அதில் என் பெயரும் ஏறியது. விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. சுட்ட பன்றியைச் சமைக்கக் கூடாது, புதைக்க வேண்டும். பேசுகிறவன் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக இவ்வளவும் சொன்னேன்.

முதலில் அந்தக் கயோட்டி. வட அமெரிக்கா முழுக்கத் திரியும் விலங்கு, நம்மூர்க் குள்ளநரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். எடை பெரும்பாலும் 10 முதல் 20 கிலோவுக்குள். ஆட்டுக்குட்டியையும் கோழியையும் தூக்குகிறது என்பது அங்குள்ள பண்ணைக்காரர்களின் புகார். என் தங்கை மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அவனோடு வேலை செய்பவர் ஒருவருக்கு ஆட்டுப்பண்ணை இருக்கிறது. விடுமுறை நாட்களில் இவனும் கூடப் போவான். அவர்கள் செய்வது காத்திருந்து சுடும் வேட்டை. புதரில் மறைந்து உட்கார்ந்துகொண்டு, அடிபட்ட முயல் கதறுவது போன்ற ஒலியை ஒரு பெட்டியில் ஓட விடுகிறார்கள். கயோட்டி இரை கிடைத்தது என்று தானாகவே நெருங்கி வருகிறது. திறந்த வெளியென்றால் ஒற்றைக் குண்டு போகும் ரைஃபிள். புதர் அடர்ந்த இடத்தில் 120 அடிக்குள் வரும் என்றால் ஷாட்கன், அதாவது என்னுடையதைப் போல ஒரு தோட்டாவிலிருந்து பல சின்னக் குண்டுகளை ஒரே நேரத்தில் விடும் துப்பாக்கி. அந்தச் சின்னக் குண்டுகளைத்தான் ரவை என்கிறோம்.

அதில் போடும் தோட்டாவைப் பற்றி அங்கே ஆளுக்கொரு கட்சி. ஒரு கட்சிக்கு நாலாம் நம்பர் பக்ஷாட் என்னும் பெரிய ரவை. ரவை ஒவ்வொன்றும் 6 மி.மீ. குறுக்களவு, 1.3 கிராம் எடை. 3 அங்குலத் தோட்டாவில் 41 ரவை அடங்கும். இன்னொரு கட்சிக்கு அதைவிடச் சிறிய பி.பி. அல்லது டி ரவை. எண்ணிக்கை கூடக் கூட நடுவில் இடைவெளி குறையும், மெலிந்த விலங்கு அந்த இடைவெளியில் தப்பாது என்பது அவர்கள் வாதம். மூன்றாவது கட்சி டபுள் ஜீரோ பக். 8.4 மி.மீ. ரவை, சாதாரணத் தோட்டாவில் எட்டோ ஒன்பதோதான். தைத்தால் ஆழம் போகும், ஆனால் ஒன்பதும் ஒரு மெலிந்த கயோட்டியைச் சுற்றிப் போய்விடவும் கூடும். மூன்று கட்சிக்கும் அவரவர் நியாயம் இருக்கிறது. காரணம், சுடப்படுவது தோல் மெல்லிய, 15 கிலோ விலங்கு. ஆழம் கொஞ்சம் போதும், அடர்த்திதான் வேண்டும்.

காட்டுப்பன்றிக்கு இந்தக் கணக்கு தலைகீழ். நன்கு வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோவைத் தாண்டும். அதன் தோள்பட்டை மேல் தோலுக்கடியில் குருத்தெலும்பு மாதிரி கெட்டியான ஒரு கவசம் இருக்கிறது. ஒன்றோடொன்று மோதும்போது எதிராளியின் கொம்புப் பல் உள்ளே இறங்காமலிருக்க இயற்கை கொடுத்தது. அதன்மேல் சேற்றில் புரண்டு காய்ந்த மண் ஒரு பூச்சு. இதயம் முன்னங்காலின் முட்டிக்குப் பின்னால், நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கிறது. இதைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ரவைக்கு எடை வேண்டும். நாலாம் நம்பர் பக்ஷாட் 1.3 கிராம். நம் கடைகளில் கிடைக்கும் எஸ்.ஜி. ரவை 3.5 கிராம், எல்.ஜி. 4.7 கிராம். பன்றி சுடப் போகிறவன் எடுக்க வேண்டியது இந்த இரண்டில் ஒன்று. எஸ்.ஜி.யில் எட்டு ஒன்பது ரவை இருக்கும், எல்.ஜி.யில் ஆறேழு. என் கை எஸ்.ஜி.க்குத்தான் போகும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அமெரிக்கர்கள் டபுள் ஜீரோ பக் என்று விற்பதும் நம் எஸ்.ஜி.யும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இதை அந்த அன்பருக்கு யாராவது சொன்னால் தேவலை. கப்பலேறி வர வேண்டியது எதுவும் இல்லை. அரசு ஆயுதத் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாவிலேயே இருக்கிறது, கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்டு வாங்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் போகும் கடையில் ஒருமுறை எஸ்.ஜி. கையிருப்பில் இல்லை. "பி.பி. எடுத்துக்கோங்க, எல்லாம் சுடறதுதானே" என்றார் கல்லாவில் இருந்தவர். பி.பி. ரவை ஒன்று 0.4 கிராம். பன்றிக்கு அதைப் போட்டால் தோலில் தைத்து நிற்கும். பன்றி சாகாது, வலியில் ஓடும், காயம் புழுத்துப் பத்து நாள் கழித்து எங்கேயோ விழும். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. பி.பி. என்று இங்கே விற்பது பிரிட்டிஷ் கணக்கில் 4.1 மி.மீ., அமெரிக்கப் பெட்டியில் பி.பி. என்று இருப்பது 4.6 மி.மீ. இணையத்தில் அமெரிக்கக்காரர் பி.பி.யில் கயோட்டி விழுந்தது என்று சொல்வதைப் பார்த்துவிட்டு இங்கே பி.பி. வாங்குகிறவர், அவர்கள் சொல்லும் ரவையைவிடச் சிறிய ரவையைத்தான் வாங்குகிறார். ஏ.ஏ.ஏ. ரவையும் 5.2 மி.மீ., 0.8 கிராம்தான். பன்றி விஷயத்தில் அதையும் தொடக்கூடாது.

இனி தூரம். இதில்தான் ஊரில் பாதிப் பேருக்குத் தகராறு. "துப்பாக்கி 100 கெஜம் போகும்" என்பார்கள். போகும், யார் இல்லையென்றார்கள்? ஷாட்கனிலிருந்து ரவைகள் கூட்டமாகக் கிளம்பிப் போகப் போக விரிகின்றன. முனை ஒடுங்காத குழலில் பெரிய ரவைகள் மூன்றடிக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது பழைய கணக்கு. பன்றியின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடத்தை எட்டு அங்குல வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 அடியில் ஒன்பது ரவை 15 அங்குல வட்டத்தில் விரிந்திருக்கும். சராசரியாக இரண்டு மூன்று ரவை அந்த இடத்தில் விழும். 90 அடியில் வட்டம் 30 அங்குலம். ஒன்று விழுவதே சந்தேகம். 120 அடியில் இரண்டு மூன்று முறை சுட்டால் ஒன்று விழலாம். மீதி ரவைகள் குடலிலும் தொடையிலும் தைக்கும், இல்லையேல் பன்றியைத் தாண்டிப் போகும். ஒன்பது ரவையிலேயே கணக்கு இப்படி இழுக்கிறது என்றால் ஆறேழு உள்ள எல்.ஜி.யில் இன்னும் இழுக்கும். எஸ்.ஜி. எடுப்பது அதனால்தான். 60 அடிக்கு மேல் நான் விசையைத் தொடுவதில்லை.

"என் குழல் ஃபுல் சோக், விரியாது" என்று சிலர் மார் தட்டுவார்கள். சோக் என்பது குழலின் முனையை ஒடுக்கி வைத்திருப்பது. அரைச் சோக் என்றால் ஏறக்குறைய அரை மி.மீ., ஃபுல் என்றால் ஒரு மி.மீ. ஒடுக்கம். சின்ன ரவைக்கு அது நன்றாக வேலை செய்யும். பறவை சுடும் ரவையில் ஃபுல் சோக் 120 அடியில் 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு எழுபது ரவையைச் சேர்க்கும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவு. பெரிய ரவைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. எட்டு மி.மீ. ஈயக் குண்டுகள் ஒடுங்கிய வாயில் ஒன்றையொன்று நெருக்கி நசுங்கி, கோணிப் போகும். என் துப்பாக்கியில் வலது குழல் அரைச் சோக், இடது ஃபுல். எஸ்.ஜி. போட்டால் வலதுதான் சேர்த்து அடிக்கிறது. இடது சிதறடிக்கிறது. அப்பா காலத்துத் துப்பாக்கியின் குணம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சுட்டுப் பார்த்ததால் தெரியும். ரைஃபிள் கிளப் மைதானத்தில் அனுமதி வாங்கி, பழைய தேர்தல் ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பிக் கட்டி, வெள்ளைப் பக்கத்தில் கரியால் பன்றி வரைந்து, 45 அடியிலும் 60 அடியிலும் 90 அடியிலும் சுட்டேன். மறுபக்கத்தில் வேட்பாளர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். ஓட்டைகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே பெட்டித் தோட்டா, ஒரே துப்பாக்கி, இரண்டு குழலுக்கும் இரண்டு குணம் என்பதைப் பெட்டி மேல் அச்சிட்ட எழுத்து சொல்லாது.

டெக்சாஸில் இருக்கும் என் தங்கை மகன் போன தீபாவளிக்கு முன்னால் ஒரு தோட்டாப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பி, "மாமா, இது உங்க துப்பாக்கிக்கு ஆகுங்களா? வரும்போது நாலு பெட்டி கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டான். "கொண்டா சாமி, கோவை ஏர்போர்ட்டிலயே உன்னை உக்கார வெச்சுருவாங்க, பொண்ணு பார்க்கிறதை அடுத்த வருஷம் வெச்சுக்கலாம்" என்றேன். உரிமம் இல்லாமல் ஒற்றைத் தோட்டாவைப் பையில் வைத்திருந்தாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்குதான். சட்டம் கிடக்கட்டும், அந்தத் தோட்டா என் துப்பாக்கிக்கு ஆகவே ஆகாது. அது 3 அங்குலம், அதாவது 76 மி.மீ. என் குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளம் 70 மி.மீ. இன்னும் பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் 65 மி.மீ.தான். தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் போட்டிருப்பது, சுட்டபின் முனை மடிப்பு விரிந்த நீளம். சுடுவதற்கு முன் மடிந்திருப்பதால் நீளத் தோட்டாவும் குட்டை அறைக்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துவிடும். துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லை. ரவை போகும் வழி குறுகி, அழுத்தம் எகிறும். துப்பாக்கி உங்கள் கன்னத்துக்கு நாலு அங்குலத்தில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தால் அறை நீளம் பொறித்திருக்கும். பொறித்தது தெரியவில்லை என்றால் நல்ல துப்பாக்கி மேஸ்திரி ஒருவரிடம் காட்டுங்கள், அதுவரை சுட வேண்டாம்.

இப்போது அங்கே ஈயம் இல்லாத தோட்டாக்களுக்கும் மவுசு வந்திருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் 2019 ஜூலை 1 முதல் எந்த விலங்கை வேட்டையாடினாலும் ஈயக் குண்டு கூடாது. செத்த விலங்கைத் தின்னும் காண்டார் கழுகுகள் ஈய விஷத்தில் செத்தது முக்கியக் காரணம். அதனால் இரும்பு ரவை, டங்ஸ்டன் கலந்த ரவை என்று வந்தன. டங்ஸ்டன் கலவை ஈயத்தைவிடக் கனமானது. சின்ன ரவையே தூரம் போய் ஆழமாகத் தைக்கும். விலையும் அதற்கேற்ப. இரும்பு ஈயத்தைவிட லேசு, ஆனால் கெட்டி. இந்தக் கெட்டி ரவைகளைப் பழைய ஃபுல் சோக் குழலில் போட்டால் முனை வீங்கிவிடக்கூடும். நம் தாத்தா காலத்துக் குழல்கள் ஈயத்துக்காகச் செய்தவை. கழுகைப் பற்றிய அக்கறை நியாயமானதுதான். இங்கே பன்றியை ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்வதில் அந்த நன்மையும் சேர்ந்திருக்கிறது. குழியைக் கையகலம் தோண்டி மண்ணைத் தூவிவிட்டுப் போகிறவர்களை நாயும் பருந்தும் மறுநாளே காட்டிக்கொடுத்துவிடும்.

பன்றியைத் தாண்டிப் போகும் ரவை என்று மேலே சொன்னேன். பொள்ளாச்சி அன்பர் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ரவையின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து 2,200 ஆல் பெருக்கினால் அது அதிகபட்சம் எத்தனை கெஜம் போகும் என்று வரும். இது ஷூர்னே என்னும் பிரெஞ்சுத் தளபதி கண்ட வாய்பாடு, இன்றும் செல்லும். எஸ்.ஜி.க்குக் கணக்குப் போட்டால் 730 கெஜம். 660 மீட்டருக்கும் மேல். டெக்சாஸ் பண்ணையில் 660 மீட்டருக்கு அப்பால் இன்னும் அதே பண்ணைதான் இருக்கும். எங்கள் ஊரில் 660 மீட்டருக்குள் மூன்று சாளை (தோட்டத்து வீடு), ஒரு கோழிப்பண்ணை, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு மாநில எல்லை இருக்கிறது. போதாததற்கு இது சித்தூர்த் தாலுகா. கேரளத்துக் கள்ளுக்கடைகளில் பாதி எங்கள் தென்னைகளை நம்பித்தான் ஓடுகின்றன என்று ஊரில் பெருமை பேசுவோம். கருக்கலிலேயே கள் இறக்குகிறவர்கள் மரத்தில் இருப்பார்கள். பன்றி கடலைக்காட்டை விட்டுக் கிளம்பும் நேரமும் அந்தக் கருக்கல்தான். மரத்தின்மேல் இருப்பவர் டார்ச் அடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார். இடுப்பில் குடுவையும் கத்தியுமாக அவர் பாட்டுக்கு வேலை பார்ப்பார்.

ஆகவே பரண். மோட்டார் ரூம் மொட்டை மாடி எனக்குப் பரண். பத்தடி உயரத்திலிருந்து 45 அடியில் நிற்கும் பன்றியைச் சுட்டால் தவறிய ரவை அதன் காலடி மண்ணில் புதையும். தரைமட்டத்தில் நின்று சுட்டால் தவறிய ரவைக்கு அடுத்த தோட்டம்தான். பாறை துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் பரண் மேலிருந்தும் சுடக்கூடாது, ரவை பட்டுத் தெறிக்கும். நாய்களை விட்டுப் பன்றியைக் கலைத்துச் சுடும் குழுக்கள் பாலக்காட்டில் உண்டு. திறமைசாலிகள், மறுக்கவில்லை. ஆனால் ஓடும் பன்றி, பின்னால் நாய், நாய்க்குப் பின்னால் ஊர்ப் பையன்கள் செல்போனோடு என்று ஒரு வரிசை போகும்போது ஒன்பது ரவையை அந்தத் திசையில் அனுப்ப எனக்குத் தைரியம் வராது.

இவ்வளவு பயம் எதற்கு, துப்பாக்கியே வேண்டாமே என்று கேட்கலாம். துப்பாக்கி வேண்டாம் என்ற இடத்தில் என்ன நடந்தது என்று எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். 2020 மே மாதம் மண்ணார்க்காட்டுப் பக்கம் வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை வெள்ளியாற்றில் நின்றபடியே உயிரை விட்டது. 2022 மே மாதம் முட்டிக்குளங்கரை போலீஸ் முகாம் அருகே இரண்டு போலீஸ்காரர்கள் வயலில் செத்துக் கிடந்தார்கள். பன்றிக்கென்று இழுத்த மின்கம்பி. 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் இரண்டு இளைஞர்கள் அதே மாதிரி. வெடிக்கும் கம்பிக்கும் எதிரில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. துப்பாக்கி பிடித்தவனுக்குக் கண் இருக்கிறது. அந்தக் கண் பார்க்கும் தூரத்துக்குள், தோட்டா வேலை செய்யும் தூரத்துக்குள், சுட வேண்டும்.

எல்லையோரத்தில் எங்களுக்கு இன்னொரு சங்கடம். என் உரிமம் கேரளத்துக்குள் மட்டும் செல்லும். சரியாகச் சுடப்படாத பன்றி வாய்க்காலைத் தாண்டினால் அது தமிழ்நாட்டுப் பன்றி. துப்பாக்கியோடு பின்னால் போனால் நான் குற்றவாளி. அந்தப் பக்கத்துச் சட்டமும் வேறு. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்தபடி காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடவே கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறைக்காரர்கள்தான் சுடலாம். தோட்டக்காரன் சுட முடியாது. ஆக, குடலில் ரவை தைத்த பன்றியைத் தேடிப் போய் முடிக்க இந்தப் பக்கத்து ஆளுக்கு உரிமை இல்லை, அந்தப் பக்கத்து ஆளுக்கு அனுமதி இல்லை. அடுத்த நாள் காலையில் சோளத்தட்டு அறுக்கக் குனியும் பெண்ணுக்கு எதிரில் அது எழுந்திருக்கும். பி.பி. போட்டாலும் சரி, எஸ்.ஜி.யை 120 அடியில் சுட்டாலும் சரி, அதன் பலன் அந்தப் பெண்ணுக்குத்தான் போய்ச் சேரும். சுட்டவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

அரசுக்கும் பஞ்சாயத்துக்கும் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் எதுவும் இல்லை. பட்டியலில் பெயர் ஏற்றும்போது உரிமத்தின் நகல், ஆதார், புகைப்படம் கேட்கிறார்கள். துப்பாக்கியைச் சுட்டுக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. வருஷத்துக்கு ஒருநாள் மாவட்டத்தில் உள்ள சுடுதளத்துக்கு எல்லோரையும் வரவழைத்து, அவரவர் துப்பாக்கியில், அவரவர் போடப்போகும் தோட்டாவை, 60 அடியில் ஒரு பன்றி வரைந்த தாளில் சுட வைக்கட்டும். எட்டு அங்குல வட்டத்தில் ஒரு ரவை கூட விழாதவருக்கு இந்த வருஷம் அனுமதி இல்லை என்று சொல்லட்டும். சுடும் உத்தரவுத் தாளில் இடமும் தேதியும் இருக்கிறது. எந்த ரவை, எவ்வளவு தூரத்துக்குள் என்று இரண்டு வரி சேர்க்கட்டும். தோட்டாவையும் பஞ்சாயத்தே மொத்தமாக வாங்கி, சுட்ட வெற்றுக் கூட்டைத் திருப்பிக் கொடுத்தால் புதியது என்று கணக்கு வைத்தால், கடையில் கிடைத்ததைப் போடும் பழக்கம் நின்றுவிடும். காயம்பட்ட பன்றி எல்லை தாண்டினால் இரவு எந்நேரமானாலும் கூப்பிட அந்தப் பக்கத்து வனச்சரகத்தின் ஒரு தொலைபேசி எண் எங்களுக்கு வேண்டும். இரண்டு மாநில அதிகாரிகளும் ஆழியாறு தண்ணீருக்காக உட்கார்ந்து பேசுகிறவர்கள்தானே, இதையும் பேசலாம்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது தனிக் கதை. பன்றிகளுக்கு நன்னடத்தை விதி பொருந்தாது என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

பொள்ளாச்சி அன்பரின் கடிதத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது: நம் குள்ளநரியையும் கயோட்டி மாதிரி சுட அனுமதிக்க வேண்டுமாம். வேண்டாம் ஐயா. நரியைக் கொல்வது வனவிலங்குச் சட்டப்படி கடுமையான குற்றம். அதோடு என் தோட்டத்தில் நரி ஊளை கேட்ட காலத்தில் எலி வளையும் குறைவு, மயிலும் இவ்வளவு இல்லை. பன்றிக் குட்டியைத் தூக்க நம்மிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆள் அதுதான்.

என் பெயர், முகவரி, உரிம எண் எல்லாம் இணைப்புத் தாளில் இருக்கின்றன, உங்கள் பார்வைக்கு மட்டும். அச்சில் பெயர் வேண்டாம். எந்தச் சாளையில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊரறிய எழுதி வைத்தால் அதைத் தூக்க வருகிறவனுக்கு விலாசம் கொடுத்ததாகும். அந்த அன்பர் எழுதிக் கேட்டால் என் நோட்டில் உள்ள ஓட்டைக் கணக்கை அப்படியே நகலெடுத்து உங்கள் மூலமாக அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பயிர்ப் பாதுகாப்பு உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு தென்னை விவசாயி,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்.